பக்கவாதத்துக்குப் பிறகு தோள் வலி, திடீர் அழுகை, பயிற்சிக்கு வர மறுப்பு: எதிலிருந்து தொடங்குவது?

ஆனைமலை:

அனைவருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 62. மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைத்து, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து இது இரண்டாவது மாதம். ஒருவர் பிடித்துக்கொண்டால் எழுந்து நிற்பார், அறைக்குள் நாலு எட்டு வைப்பார். வலது கை விரல்கள் மடங்குகின்றன, விரிக்க வரவில்லை. நாம் பேசுவது புரிகிறது என்றே நினைக்கிறோம். ஆனால் அவர் வாயில் மூன்று நாலு சொற்கள்தான் வருகின்றன. பி.பி. மாத்திரை, ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறார். சர்க்கரை இல்லை.

சிக்கல் இவைதான். வலது தோளைத் தொட்டாலே கத்துகிறார். உறவினர் வந்தால் தேம்பி அழுகிறார், சில நேரம் காரணமே இல்லாமல் சிரிக்கிறார். பயிற்சி தொடங்கிப் பத்து நிமிடத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறார். தண்ணீரும் ரசமும் குடித்தால் இருமல். வீட்டில் எல்லோரும் "பிடிவாதம்" என்கிறார்கள். புறா ரத்தம் தடவலாம், மாத்திரையை நிறுத்திவிட்டு நாட்டு மருந்துக்குப் போகலாம் என்றும் பேச்சு அடிபடுகிறது. எதை முதலில் பார்ப்பது? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

இயன்முறை_திருச்சி:

முதலில் தோள். வலிக்கும் என்று தெரிந்த வேலைக்கு யாரும் மனமுவந்து வரமாட்டார்கள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்புவதில் பாதி இந்த வலியாக இருக்கலாம்.

தோள் மூட்டின் குழி ஆழமில்லாதது. கை எலும்பின் தலையை அதில் நிறுத்திவைப்பது சுற்றியிருக்கும் தசைகள்தான். அவை தளர்ந்துவிட்டால் கையின் எடையே மூட்டைக் கீழே இழுக்கும். தோளின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே விரலை வைத்துப் பாருங்கள். ஒரு விரல் நுழையும் பள்ளம் தட்டுப்பட்டால் மூட்டு இறங்கியிருக்கிறது. அந்த நிலையில் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவது, கையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பது இரண்டுமே தசைநார்களைப் புண்ணாக்கும். வீடுகளில் தோள் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான். உதவிக்கு வரும் பெரியப்பா, சித்தப்பா எல்லோருக்கும் இதை இன்றே சொல்லிவிடுங்கள்: வலது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது.

எழுப்பும் முறை: முதலில் ஒருக்களிக்க வையுங்கள், கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்குங்கள், ஒரு கையை முதுகுச் சிறகெலும்புக்குப் பின்னாலும் இன்னொன்றை இடுப்பிலும் கொடுத்து உட்காரவையுங்கள். நிற்கவைக்கும்போது இடுப்பில் அகலமான பெல்ட்டோ, இறுக்கிக் கட்டிய தடித்த துண்டோ இருக்கட்டும், அதைப் பிடியுங்கள். பிடிப்பவர் முதுகும் பிழைக்கும்.

படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். மல்லாந்து படுத்தால் வலது தோளுக்கும் கைக்கும் அடியில் தலையணை. இடது பக்கம் சாய்ந்தால் வலது கை முன்னால், தலையணைமேல் நீட்டி. வலது பக்கமும் படுக்கலாம். தோள் உடலுக்கு அடியில் நசுங்காதபடி சற்று முன்னால் இழுத்துவிட்டால் போதும், இழுப்பது சிறகெலும்பைப் பிடித்து. உட்கார்ந்திருக்கும்போது கை தொங்கக் கூடாது, மடியில் தலையணையோ மேசையோ தாங்கட்டும். கழுத்தில் மாட்டும் கைத்தொட்டில் நிற்கும்போதும் நடக்கும்போதும் மட்டும். நாள் முழுக்க மாட்டினால் முழங்கை மடங்கியே இறுகிவிடும்.

வீட்டார் கையை அசைக்கும்போது தோள் மட்டத்துக்கு மேலே தூக்க வேண்டாம். அதற்கு மேல் போக வேண்டுமானால் சிறகெலும்பையும் கூடவே நகர்த்தி, கையை வெளிப்பக்கம் சுழற்ற வேண்டும். அதைப் பயிற்சியாளர் செய்யட்டும். சட்டை போடும்போது முதலில் வலது கை, கழற்றும்போது கடைசியில் வலது கை. முன்பக்கம் பொத்தான் உள்ள தளர்ந்த சட்டை நல்லது.

வலி மாத்திரை பற்றி ஒன்று. கடையில் கேட்டு டைக்ளோஃபெனாக் போன்றவற்றை வாங்காதீர்கள். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம், பி.பி.யும் ஏறும். பயிற்சிக்கு அரை மணி முன்னால் பாராசிட்டமால் தரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. புறங்கை வீங்கிப் பளபளத்து, சூடாகி, விரலைத் தொட்டாலே துடித்தால் அது வேறு கோளாறு, தள்ளிப்போடாமல் காட்டுங்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெய் போட்டு நீவாதீர்கள். உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். அன்றே மருத்துவமனை.

பேச்சுப்பயிற்சி_மதுரை:

நான் இருமலில் தொடங்குகிறேன், ஏனென்றால் நிமோனியா அந்த வழியாகத்தான் வரும். பக்கவாதத்துக்குப் பின் விழுங்கும் தசைகள் தாமதமாக வேலை செய்கின்றன. தண்ணீர் வேகமாக ஓடுவது. மூச்சுக்குழாய் மூடுவதற்குள் உள்ளே போய்விடும். கட்டியான உணவைவிடத் தண்ணீர் ஆபத்தானது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ரசம் சாதம் இன்னும் சிக்கல்: பருக்கையை மெல்லும்போதே நீர் தொண்டைக்கு இறங்கிவிடுகிறது. மோரும் சாதமும் தனித்தனியாக நிற்கும் நீர்த்த மோர்சாதமும் அப்படியே. முறுக்கு, பொரி, உதிரும் புட்டு வேண்டாம். குழையப் பிசைந்த தயிர்சாதம், சாம்பாரில் ஊறி மசிந்த இட்லி, கெட்டியான கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம் ஆகியவை பொதுவாக எளிது. தண்ணீரைக் கெட்டியாக்கும் பொடி மருந்துக்கடையில் கிடைக்கும்; எவ்வளவு கெட்டி என்பதை விழுங்குதலைப் பரிசோதித்தவர்தான் சொல்ல வேண்டும். அந்தப் பரிசோதனை நடக்கவில்லை என்றால் இந்த வாரமே கேட்டு வாங்குங்கள். அதுவரை நேராக நாற்காலியில் உட்காரவைத்து, தலை பின்னால் சாயாமல், ஒரு தேக்கரண்டி அளவு. அது இறங்கியதைக் கண்டபின் அடுத்தது. சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. வலது கன்னத்தில் உணவு தங்கும், அவருக்கே தெரியாது. விரலில் துணி சுற்றித் துடைத்தெடுங்கள். தினம் இருமுறை பல் துலக்கினால் வாயிலுள்ள கிருமி குறையும், நிமோனியா வாய்ப்பும் குறையும்.

இருமல் இல்லை என்பதால் நிம்மதி அடைய வேண்டாம். சிலருக்கு உணவு மூச்சுக்குழாயில் போனாலும் இருமல் வராது. சாப்பிட்டபின் குரல் களகளவென்று மாறுவது, கண்ணில் நீர் கோப்பது, அடிக்கடி காய்ச்சல் இவையும் அடையாளம்தான்.

பேச்சு. இடது மூளைப் பாதிப்பில் சொல் உள்ளே இருக்கிறது, வெளியே எடுக்க முடியவில்லை. அறிவு போகவில்லை. நோட்டும் பேனாவும் கொடுத்து "எழுதிக் காட்டுங்க" என்பார்கள். பேச்சைப் போலவே எழுத்தும் பாதிக்கப்பட்டிருக்கும், அது முடியாதபோது அவர் இன்னும் நொறுங்கிப்போவார். "ஆமா, இல்ல" நம்பத்தகுந்ததா என்று முதலில் பாருங்கள்: "இப்போ ராத்திரியா?", "உங்க பேரு" என்று வேறு பெயர் சொல்லி, பத்துக் கேள்வி கலந்து கேளுங்கள். எட்டு, ஒன்பது சரியாக வந்தால் அந்த வழியில் பேசலாம். டிவியை நிறுத்திவிட்டு முகத்துக்கு நேராக, ஒரு நேரம் ஒரு கேள்வி. "என்ன வேணும்?" என்பதற்குப் பதில் "காபியா, தண்ணியா?" என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். பதிலுக்குப் பத்து விநாடி காத்திருங்கள். பாதியில் நீங்களே சொல்லி முடித்துவிடாதீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவது, கிழமைகள், மனப்பாடமான தேவாரம், பழைய பாட்டு வரி இவை சரளமாக வரலாம். அதைக் கண்டு "வேணும்னே பேசமாட்டேங்கிறார்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாடமாகிப்போன சொற்கள் வேறு பாதையில் வருகின்றன. பயிற்சிக்கு அந்தப் பாதையையே நாங்களும் பயன்படுத்துவோம்.

முக்கியமாக, அவர் முன்னாலேயே அவரைப் பற்றி மூன்றாம் ஆள் போலப் பேசாதீர்கள். புரிகிறது அவருக்கு.

நலம்_நாடி:

கையில் ஸ்பாஞ்ச் பந்து கொடுத்து நாளுக்கு நூறு தடவை அமுக்கச் சொல்லுங்க. சுவரில் கப்பி மாட்டி நல்ல கையால் கெட்ட கையை மேலே இழுக்கலாம். நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் நரம்பு திறக்கும். எங்க பக்கம் எல்லாரும் செய்றதுதான்.

இயன்முறை_திருச்சி:

நலம்_நாடி ஐயா, அக்கறையோடு சொல்கிறீர்கள், ஆனால் இந்த அப்பாவுக்கு மூன்றும் ஒத்துவராது. விரல் மடங்குகிறது, விரிக்கத்தான் வரவில்லை. பந்தை அமுக்குவது ஏற்கெனவே மிகுதியாக இருக்கும் மடக்கத்தை மேலும் இறுக்கும். அவருக்கு வேண்டியது திறப்பது: மணிக்கட்டை மேசை விளிம்பில் வைத்து மேல்நோக்கி நிமிர்த்த முயல்வது, டம்ளரைப் பிடித்துவிட்டு விடுவது, துண்டை மேசைமேல் முன்னால் தள்ளுவது. கப்பி, இறங்கிய தோளில் மூட்டை நசுக்கி வலியைக் கூட்டும். ஒத்தடம் பெரிய ஆபத்து. அந்தப் பக்கம் சூடு உறைக்காமல் போகலாம், தோல் கொப்பளித்த பிறகுதான் தெரியும். வெதுவெதுப்பான எண்ணெயை மெதுவாகத் தடவுவதில் தவறில்லை. தொடுகை அவருக்கு இதமாகவும் இருக்கும். ஆனால் பாதிப்பு மூளையில். கையில் எண்ணெய் தேய்ப்பதால் நரம்பு திறக்காது.

மனநலச்_செவிலி:

அழுகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. அது தவிர, உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மூளைப் பாதை அறுபடுவதால் வரும் அழுகையும் சிரிப்பும் தனி.

இந்த இரண்டாவது வகை சடாரென்று வரும், சில நிமிடங்களுக்குள் சடாரென்று நிற்கும். உள்ளே அத்தனை துயரம் இருக்காது. யாரைப் பார்த்தாலும், நல்ல செய்தி கேட்டாலும்கூட வரும். நீங்கள் சொல்லும் காரணமில்லாச் சிரிப்பு இந்தப் பக்கம் கைகாட்டுகிறது. "ஏம்பா அழறீங்க?" என்று கேட்டு எல்லோரும் சேர்ந்து அழுதால் அது நீளும். உட்கார்ந்திருக்கும் நிலையை மாற்றுங்கள், மூச்சை மெதுவாக வெளியே விடச் சொல்லுங்கள், பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள். வரும் உறவினரிடம் வாசலிலேயே விளக்கிவிட்டால் அவருக்கு அவமானம் குறையும். அந்த அவமானத்தால்தான் பலர் ஆட்களைப் பார்க்கவே மறுத்து அறைக்குள் ஒடுங்கிவிடுகிறார்கள்.

மனச்சோர்வு வேறு மாதிரி. நாள் முழுக்க, வாரக்கணக்கில் இருக்கும். பேசமுடியாதவரிடம் "மனசு எப்படி இருக்கு" என்று கேட்டு அறிய முடியாது. எனவே உடலைப் பாருங்கள்: விடியற்காலை மூன்று, நாலு மணிக்கே விழித்துக் கிடக்கிறாரா, பிடித்த பலகாரத்தைக்கூட ஒதுக்குகிறாரா, எடை இறங்குகிறதா, பேரப்பிள்ளையைக் கண்டும் முகம் மலரவில்லையா. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். செர்ட்ராலின், எசிட்டாலோப்ராம் போன்ற மருந்துகள் இரண்டு வகைக்குமே உதவும். மனச்சோர்வு தணியத் தொடங்க இரண்டு முதல் நாலு வாரம் ஆகலாம். நாலாம் நாளே "கேக்கல" என்று நிறுத்திவிடாதீர்கள். வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறையக்கூடும், தொடங்கிய சில வாரங்களில் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ஆஸ்பிரினோடு சேரும்போது ரத்தக்கசிவு வாய்ப்பு சற்றுக் கூடும் என்பதால் எல்லா மாத்திரைச் சீட்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

"பிடிவாதம்" என்ற சொல்லுக்குள் இன்னும் இரண்டு ஒளிந்திருக்கும். ஒன்று, சோகமும் இல்லாமல் ஆர்வமும் இல்லாமல் சும்மா இருப்பது. தானாக எதையும் தொடங்கமாட்டார், நாம் தொடங்கிவைத்தால் செய்வார். இன்னொன்று களைப்பு. பக்கவாதத்துக்குப் பின் வரும் களைப்பு தூங்கி எழுந்தாலும் தீராது. பத்து நிமிடத்தில் மூளை ஓய்ந்துவிடும். ரத்தசோகை, தைராய்டு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது (பெருங்குறட்டை அடையாளம்), தசை இறுக்கத்துக்குத் தரும் பேக்லோஃபென் மாத்திரை இவையும் களைப்பைக் கூட்டும். திடீரென்று கோபம் அதிகமானால் மலச்சிக்கலையும் சிறுநீர்த் தொற்றையும் பாருங்கள். சொல்லத் தெரியாத வலி கோபமாகத்தான் வெளிவரும்.

சாக வேண்டும் என்ற பொருளில் சைகை காட்டினாலும், மாத்திரையை மறைத்து வைத்தாலும் அதை அலட்சியப்படுத்தாதீர்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. அப்பாவைக் கவனித்துக்கொள்பவர்களும் அதே எண்ணில் பேசலாம். அம்மா எத்தனை நாளாக முழு இரவு தூங்கவில்லை என்பதையும் யாராவது கேளுங்கள்.

ஆனைமலை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அப்பாவின் தோளில் ஒரு விரல் பள்ளம் இருக்கிறது. இன்னும் இரண்டு கேள்வி. மூன்று மாதத்துக்குள் வராதது பிறகு வராது என்கிறார்களே, உண்மையா? அவசரப்பட்டுத்தான் ஒரு மணி நேரம் தொடர்ந்து செய்யவைத்தோம். ஒரு நாளின் பயிற்சியை எப்படிப் பிரிப்பது?

மறுவாழ்வு_மருத்துவர்:

முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், ஆறு மாதம் வரை கண்ணுக்குத் தெரியும். அதன்பிறகு கதவு மூடிவிடுவதில்லை. பேச்சும் கையின் பயன்பாடும் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடுவதைப் பார்க்கிறோம். "மூன்று மாதம்" என்று பயமுறுத்துவது இரண்டு வகையில் கெடுதல்: இப்போது அளவுக்கு மீறி வருத்துவார்கள், பிறகு அடியோடு கைவிடுவார்கள்.

ஒரு மணி நேரத்தை உடைத்துவிடுங்கள். 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு நாலு ஐந்து முறை, நடுவே படுக்கை ஓய்வு. கடினமானதைக் காலையில் வையுங்கள், குளித்த உடனே வேண்டாம். குளியலே அவருக்குப் பெரிய உழைப்பு. ஒரு வேளைக்கு உட்கார்ந்து எழும் பயிற்சி: முழங்கால் உயரமுள்ள, நகராத நாற்காலி, சுவரோடு ஒட்டி. இரண்டு பாதமும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால், வலது பாதம் இன்னும் கொஞ்சம் பின்னால். அப்போதுதான் எடை அந்தக் காலில் இறங்கும். உடலை முன்னால் நன்றாகச் சாய்த்து எழ வேண்டும். ஐந்தில் தொடங்கிப் பத்துக்குப் போகலாம். இன்னொருவேளை கைக்கான மேசைப் பயிற்சி. இன்னொருவேளை கண்ணாடிப் பயிற்சி: முகம் பார்க்கும் கண்ணாடியை மார்புக்கு நேரே, இரண்டு கைகளுக்கும் நடுவில், முகப்பு இடது கையைப் பார்க்கும்படி நிறுத்தி, வலது கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்து, இடது கையை மெதுவாகத் திறந்து மூடி, கண்ணாடியில் தெரிவதை வலது கை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வலியே இல்லாத பயிற்சி இது, மறுப்பவர்களும் பலநேரம் இதற்கு ஒப்புக்கொள்வார்கள். மாலையில் நடை.

எதை முதலில் செய்வது என்று அவரே தேர்ந்தெடுக்கட்டும், இரண்டு பொருளைக் காட்டினால் போதும். தன் கையால் சட்டைப் பொத்தான் போடுவதா, பூசையறையில் மணி அடிப்பதா, எது அவருக்கு முக்கியமோ அதையே பயிற்சியாக்குங்கள்.

நடையில்: கைத்தடி இடது கையில். தடியின் உயரம், நின்று கை தொங்கும்போது மணிக்கட்டு ரேகை வரை. படி ஏறும்போது இடது கால் முதலில், இறங்கும்போது வலது கால் முதலில். பாதம் தொங்குவதால் கணுக்கால் பட்டை கொடுத்திருந்தால் ஒன்று கவனியுங்கள்: நம் வீடுகளில் செருப்பில்லாமல் நடக்கிறோம், வெறும் பிளாஸ்டிக் பட்டை டைல்ஸில் வழுக்கும். வீட்டுக்குள் மட்டும் போட, ரப்பர் அடியுள்ள ஒரு ஜோடி காலணி தனியாக வாங்குங்கள். பட்டையைக் கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவந்த தடம் அரை மணியில் மறையாவிட்டால் அளவைத் திருத்த வேண்டும். கழிப்பறையில் கம்மோடு நாற்காலியும் இடது பக்கம் கைப்பிடியும் போடுங்கள். இரவு விளக்கு எரியட்டும்.

புறா ரத்தத்தால் எந்தப் பயனும் இல்லை, வேறு சந்தேகமே வேண்டாம். அதைவிடப் பெரிய கேடு மாத்திரையை நிறுத்துவது. ஆஸ்பிரினும் அடோர்வாஸ்டாட்டினும் வந்த பக்கவாதத்தைக் குணமாக்க அல்ல, அடுத்ததைத் தடுக்க. "நல்லா ஆயிட்டார்" என்று நிறுத்துபவர்களே மறுபடி ஸ்ட்ரெச்சரில் வருகிறார்கள். பி.பி.யை இடது கையில் பாருங்கள், ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, காலையும் மாலையும், குறித்துவையுங்கள். பொதுவாக 130/80க்குக் கீழே இருக்க வேண்டும் என்று பார்ப்போம், அவருக்கான இலக்கை உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். வாய் கோணுதல், கை துவளுதல், பேச்சுக் குழறல் புதிதாக வந்தால் மணியைப் பார்த்துக்கொண்டு உடனே 108. கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அந்த நேரத்தில் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

செலவு இடித்தால், தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருகிறார்கள், பி.பி. மாத்திரையும் கொடுக்கிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிந்துவையுங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் சுருக்கம், இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள், பி.பி. குறிப்பு மூன்றும் கையில் இருக்கட்டும். தோள் பள்ளம், தண்ணீரில் இருமல், அதிகாலை விழிப்பு இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கூட்டத்தில் சொல்ல மறந்துபோவது இவைதான்.